விடை தெரிந்தவருக்குப் புதிர் ஏது?

2023 ஜூலை 31 அன்று வெளிவந்த ‘வெண்பா’ என்ற வீடியோ கேம், ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுக்களையில் நடக்கிறது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், அங்கே வளரும் மகன் கவின். வெண்பா தன் அம்மாவிடமிருந்து பெற்ற சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. பாதி அழிந்த அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைத்து முடிப்பது ஆடுபவரின் வேலை. டொரன்டோவில் இயங்கும் விசை கேம்ஸ் என்ற சிறு குழு இதைச் செய்தது. தலைமை வடிவமைப்பாளர் அபி. 2024இல் பாஃப்டாவின் அறிமுகப் படைப்புக்கான விருதும், சுயாதீன கேம்களுக்கான ஐஜிஎஃப் விழாவின் தலையாய பரிசும் இதற்குக் கிடைத்தன. தமிழ் பேசும் வீட்டைப் பற்றிய ஒரு கேம் இவ்வளவு தூரம் போனதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு.

அப்படியிருந்தும், இதன் புதிர்கள் பலவீனமானவை என்றே நினைக்கிறேன். திறமைக் குறைவால் வந்த பலவீனம் அல்ல இது. புதிரை எதிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்தார்களே, அந்த முதல் முடிவிலேயே அது உள்ளே வந்துவிட்டது. தமிழ் வாழ்க்கையிலிருந்து அடுத்த புதிர் கேமைச் செய்யப் போகிறவர்கள் எங்கே இருக்கிறார்களோ தெரியாது, எங்கள் ஊர் அம்மையார்குப்பத்தில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம். அவர்களுக்காகவாவது இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

பலத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது பெரிய பலம். பெரும்பாலான புதிர் கேம்களில் கதை ஒரு பக்கம் கிடக்கும், புதிர் ஒரு பக்கம் ஓடும். ஜோனதன் ப்ளோ 2008இல் தந்த ‘ப்ரெய்ட்’ காலத்தைப் பின்னோக்கி ஓட்டும் அற்புதமான புதிர்களைக் கொண்டது. ஆனால் அதன் கதையில் பெரும்பகுதி லெவல்களுக்கு முன்னால் வைத்த புத்தகப் பக்கங்களில் இருந்தது. வேண்டாம் என்றால் தாண்டிப் போய்விடலாம். கடைசிக் கட்டத்தில்தான் இரண்டும் கைகோத்தன. ‘வெண்பா’வில் அந்தப் பிரிவே கிடையாது. குறிப்பேட்டில் எந்த வரி அழிந்திருக்கிறதோ அதுதான் புதிர். அந்த வரி அழிந்ததற்குக் காரணம்தான் கதை. அம்மா ஒரு கண்டத்தில், மகள் இன்னொரு கண்டத்தில். நடுவில் போன சொற்கள் போனவைதான். மகன் பெரியவனாகி அதே குறிப்பேட்டைத் தானே எடுத்துச் சமைக்க நிற்கும்போது, எழுத்தைப் படிப்பதற்கே தட்டுத் தடுமாற வேண்டியிருக்கிறது. ஒரு தலைமுறைக்குச் செய்முறை தொலைந்தது, அடுத்த தலைமுறைக்கு மொழியே கைநழுவுகிறது என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆடுபவரின் விரல் தயங்கும்போது அது புரிந்துவிடுகிறது. வசனத்தாலும் காட்சியாலும் செய்ய முடியாத ஒன்றைப் புதிர் செய்திருக்கிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே விருதுகள் பொருந்தும்.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சமைக்கத் தொடங்கியதும் ரேடியோ பாடுகிறது. பல காலத் தமிழ்ச் சினிமா இசையின் சாயலில் புதிதாக அமைத்த பாட்டுகள் அவை. எண்ணெயில் கடுகு வெடிக்கும் ஓசை அவ்வளவு துல்லியம்.

இனி அந்தப் புதிர்களைப் பார்ப்போம். முதல் அத்தியாயத்தில் இட்லி. தட்டுகளை எந்தத் திசையில் அடுக்குவது என்பதுதான் முடிச்சு. எங்கள் வீட்டுக் கூடத்தில் இதைப் பெரியம்மாவுக்கும் அவர் பேரனுக்கும் காட்டினேன். பெரியம்மா தறிக்குத் தார் சுற்றியே வளர்ந்தவர், ஆங்கிலம் தெரியாது. பேரன் எட்டாவது படிக்கிறான், போனில் எந்த கேமையும் ஒரு கை பார்ப்பவன். அவன் தட்டுகளை ஒரே திசையில் அடுக்கிவைத்து மூடினான். இட்லி சரியாக வரவில்லை. குறிப்பேட்டை மறுபடி பார்க்கப் போனவனைப் பெரியம்மா நிறுத்தினார்.

“குழிக்கு மேல குழி வந்தா இட்லி எங்கடா உப்பும்? மாத்தி வைடா.”

குறிப்பேட்டை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அவன் மாற்றி வைத்தான், இட்லி வெந்தது. “அவ்ளோதானா?” என்று கேட்டார். அவர் எரிச்சலில் கேட்கவில்லை, நிஜமாகவே அடுத்து என்ன என்று எதிர்பார்த்தார்.

அந்தக் கேள்வியை நான் விமர்சனமாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒரே திரைதான், ஆனால் யார் முன்னால் உட்காருகிறார்களோ அவர்களுக்கு ஏற்ப அது வேறு வேறு பொருளாகிறது. பெரியம்மாவுக்கு அங்கே புதிரே இல்லை, ஞாபகம்தான் இருக்கிறது. இட்லியைப் பார்த்தே அறியாத ஒரு வெளிநாட்டவருக்குக் கிழிந்த படத்திலிருந்தும் வரியிலிருந்தும் ஊகிக்க வேண்டிய ஒரு சிறு கணக்கு. இந்த இருவருக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறார்: இட்லியைத் தினமும் தின்று, ஒருநாளும் தட்டில் மாவு ஊற்றியிராதவர். டொரன்டோவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையும் அப்படித்தான், எங்கள் வீட்டு எட்டாம் வகுப்புப் பையனும் அப்படித்தான். பாதி தெரியும், பாதி தெரியாது. இந்த கேம் முழுமையாக வேலை செய்வது அவர்களிடம்தான். அதைக் குறையென்று சொல்ல மாட்டேன். யாருக்காகச் செய்கிறோம் என்ற தெளிவு பெரிய நல்ல குணம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சமையல் குறிப்புக்கு ஒரு விடை உண்டு. விடை தெரிந்தவுடன் புதிர் செத்துப்போகிறது. தட்டை மாற்றி அடுக்கக் கற்றவருக்கு அந்த அறிவு புட்டுக் குழாயில் உதவாது. புட்டில் கற்றது பிரியாணிக்கு உதவாது. ஒவ்வொரு அத்தியாயமும் ஆடுபவரைப் பழையபடி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்துகிறது.

நல்ல புதிர் கேம்கள் இதை எப்படிக் கையாள்கின்றன என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். 1982இல் ஜப்பானில் வெளிவந்த ‘சோகோபான்’ ஒரு கிடங்குக்காரன் பெட்டிகளைத் தள்ளும் ஆட்டம். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. விதி இவ்வளவுதான். சுவர் மூலையில் ஒரு பெட்டி சிக்கினால் அது அங்கேயேதான். இந்த ஒரு வரியிலிருந்து நாற்பது வருடத்துக்கும் மேலாக உலகம் முழுக்கப் புதுப் புதுப் புதிர்கள் முளைக்கின்றன. பின்லாந்தின் ஆர்வி தெய்காரி 2019இல் வெளியிட்ட ‘பாபா இஸ் யூ’வில் அந்த விதிகளே தள்ளக்கூடிய பெட்டிகளாகிவிட்டன. இவற்றில் ஒரு லெவலின் விடையை யாராவது காதில் சொல்லிவிட்டாலும் அடுத்த லெவலின் முடிச்சு அவிழாது. விதி புரிந்திருந்தால்தான் அவிழும்.

தப்புக்கு என்ன மதிப்பு என்பதிலும் இதே கேள்வி எழுகிறது. ‘வெண்பா’வில் தப்பாகச் செய்தால் கொஞ்சம் பின்னால் போய்த் திரும்பச் செய்யலாம். பல நேரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தே விடைக்கு வந்துவிடலாம், யோசிக்கவே வேண்டாம். தண்டனை இல்லாததை நான் குறை சொல்லவில்லை. ‘ப்ரெய்ட்’டிலும் தண்டனை இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் காலத்தைத் திருப்பலாம். ஆனால் அங்கே ஊகித்து அடிக்க இடமில்லை. லூகாஸ் போப் 2018இல் தந்த ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’னில் ஒரு கப்பலில் இருந்த 60 பேருக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேரின் கதி சரியாக அமைந்தால்தான் கேம் ‘சரி’ என்று சொல்லும். ஒருவருக்கு ஒருவராகச் சரிபார்த்திருந்தால் யார் வேண்டுமானாலும் குருட்டடியாக அடித்து முடித்திருப்பார்கள். மூன்றாகக் கட்டியது ஒரு சின்ன ஏற்பாடு. அது ஆடுபவரின் யோசனைக்கு மரியாதை கொடுக்கிறது.

‘வெண்பா’வின் பக்கம் நின்று ஒரு நியாயம் சொல்லலாம், அதை லேசாகத் தள்ள முடியாது. இது ஒரு குடும்பத்தின் கதை. இட்லியில் சிக்கிக்கொண்டு யாராவது கேமை மூடிவிட்டால், மகன் விலகிப்போவதையும் அம்மா தனித்துப்போவதையும் அவர் பார்க்கவே மாட்டார். கடினமான புதிர் கதைக்குக் கதவை அடைக்கும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கதவைத் திறந்தே வைக்க இன்னொரு வழி இருந்தது. கெட்டுப்போன சமையலை அப்படியே சாப்பாட்டு மேசைக்குப் போக விட்டிருக்கலாம். அமுங்கிப்போன இட்லியைப் பாவலன் எப்படிச் சாப்பிடுவான்? உதிர்ந்த புட்டைப் பார்த்துக் கவின் என்ன சொல்வான்? நம் வீடுகளில் எத்தனை பேச்சு சரியாக வராத சாப்பாட்டிலிருந்து தொடங்கியிருக்கிறது! தப்பு செய்தவரை மறுபடி செய்யச் சொல்லாமல், அந்தத் தப்போடு கதையை நடக்க விட்டிருந்தால், குறிப்பேட்டின் கிழிசலுக்கு ஒரு விலை இருந்திருக்கும். இப்போது எல்லாருடைய வெண்பாவும் எல்லாச் சமையலையும் சரியாகவே சமைத்து முடிக்கிறாள். புலம்பெயர்ந்த ஒருத்தியின் அடுக்களையில் அப்படி நடக்குமா என்பதுதான் என் மனத்தாங்கல்.

இனி இந்த கேமை மக்கள் முன்னால் வைத்த விதம். சுயாதீனமாக கேம் செய்பவருக்கு அதைச் செய்வதில் பாதி வேலை என்றால், எடுத்துக் காட்டுவதில் மீதிப் பாதி. ஸ்டீமில் ஒரு கேமைப் பட்டியலிட 100 டாலர் கட்டினால் போதும் என்று 2017இல் ஆனது. வாசல் எல்லாருக்கும் திறந்தது, அதனாலேயே கூட்டத்தில் தொலைவதும் எளிதானது. ‘வெண்பா’ தொலையவில்லை. ஒரே வரியில் சொல்ல முடிந்ததும் அதற்கு ஒரு காரணம்: கனடாவுக்குப் போன ஓர் அம்மா, தொலைந்த சமையல் குறிப்புகளை மீட்கிறாள். ட்ரெய்லரில் ஆவி பறக்கும் சட்டி, பாட்டு, வண்ணம். நம் சாப்பாட்டை அயலார் வியந்து பார்க்கும் பொருளாகக் காட்டாமல், ஒரு வீட்டில் தினமும் நடப்பதாகக் காட்டினார்கள். அதில் ஒரு கண்ணியம் இருந்தது. எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் சந்தாவில் முதல் நாளே கிடைத்ததால், காசு கொடுத்து வாங்கத் தயங்குபவர்களும் ஆடிப் பார்த்தார்கள்.

ஆனால் பண்பாட்டை முன்னால் வைத்தபோது புதிர் பின்னால் போய்விட்டது. பாராட்டுகள் உணர்வையும் சாப்பாட்டையும் பேசின. புதிர் நன்றாக இருக்கிறதா, இல்லையா என்று அதே அக்கறையோடு எடை போட்ட எழுத்து என் கண்ணில் அரிதாகவே பட்டது. தமிழர்களான நாமும் நம் அடுக்களையைத் திரையில் பார்த்த மகிழ்ச்சியில் அங்கேயே நின்றுவிட்டோம். இது படைப்பாளிக்கு நல்லதல்ல. நம் வீட்டைக் காட்டினால் போதும், ஆட்டத்தை யாரும் கேட்க மாட்டார்கள் என்று அடுத்து வருபவர் நினைத்துவிடுவார்.

நீளமும் விலையும் சேர்ந்த ஒரு தொல்லை உண்டு. ‘வெண்பா’ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். வெளியானபோது விலை 15 டாலர் அளவில் இருந்தது. ஸ்டீமில் வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். முழுக் கதையையும் முடித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொள்ள அந்த விதியில் இடம் இருக்கிறது. சிறுகதை அளவில் கேம் செய்யும் எவருக்கும் இந்த விதி பாதகம். 2014இல் ‘மான்யுமென்ட் வேலி’ வந்தபோதும் இதே பேச்சுதான். அழகான புதிர்கள், ஆனால் சீக்கிரம் முடிகிறது என்றார்கள். கூடுதல் லெவல்களைக் காசுக்கு விற்றபோது ஒற்றை நட்சத்திரம் போட்டுத் திட்டினார்கள். சிறியதாக இருப்பதைக் குற்றமாகப் பார்க்கும் இந்தப் பழக்கத்தை நான் ஏற்கவில்லை. இருந்தாலும் விதி வளரும் கேமுக்கு இந்தத் தொல்லை குறைவு என்பதையும் மறைக்க முடியாது. அதைத் திரும்ப எடுத்து ஆட முடியும்.

நம் நாட்டில் விதியை மட்டும் நம்பிச் செய்த புதிர் கேமும் உண்டு. மும்பையின் யெல்லோ மங்கி ஸ்டூடியோஸ் 2012இல் வெளியிட்ட ‘ஹியூப்ரிக்ஸ்’ அப்படிப்பட்டது. குறித்த நீளத்தில் வண்ணப் பாதைகளை வளைத்துக் கட்டங்களை நிரப்ப வேண்டும். சுத்தமான, உறுதியான ஆட்டம். அதை எந்த நாட்டில் செய்திருந்தாலும் இப்படியேதான் இருந்திருக்கும். ஒன்றில் விதி இருக்கிறது, மண் இல்லை. மற்றதில் மண் இருக்கிறது, விதி இல்லை. இரண்டும் சேர்ந்த பொருள் நம்மிடம் ஏராளமாகக் கிடக்கிறது என்பதுதான் நான் சொல்ல வந்தது.

புள்ளிக் கோலம் ஒன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவருடன் ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1970களிலேயே கோலத்தின் அமைப்பைக் கணினி இலக்கணமாக எழுதிக் காட்டினார்கள். இன்னொன்று எங்கள் ஊர்த் தறி, இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கட்டம் போட்ட லுங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் பாவு, குறுக்கே ஊடை. பாவில் எந்த வண்ண இழை எத்தனை, எந்த வரிசையில் என்பது பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடும். ஊடையில் எந்த வண்ணம் எத்தனை இழை என்பதை நெய்ய நெய்யத் தீர்மானிக்கலாம். துணியின் ஒவ்வொரு புள்ளியிலும் பாவு மேலே வந்தால் பாவின் நிறம், ஊடை மேலே வந்தால் ஊடையின் நிறம். விதி இவ்வளவுதான். இதற்குள் ஓர் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. ஊடையில் தப்பு வந்தால் பிரித்துத் திருத்தலாம். பாவில் தப்பு வந்தால் அந்தக் கோடு பாவு தீரும்வரை, ஒவ்வொரு லுங்கியிலும் வந்துகொண்டே இருக்கும். மூலையில் சிக்கிய சோகோபான் பெட்டி மாதிரிதான், திரும்பப் பெற முடியாத நகர்வு. அதோடு, தப்பு எங்கே நடந்ததோ அங்கே தெரியாது. சில விரற்கடை நெய்த பிறகு கட்டம் கோணியபோதுதான் தெரியும். முடிந்த துணியைக் காட்டி, இதற்குப் பாவு எப்படி, ஊடை எப்படி என்று கேட்டாலே முதல் புதிர் தயார். கோணிய துணியைக் காட்டி, எந்த இழையில் பிசகியது என்று கேட்டால் இரண்டாவது. பாவில் ஒரு பிழையை வைத்துவிட்டு, ஊடையால் அதை மறைக்க முடியுமா என்று கேட்டால் மூன்றாவது. இந்த மூன்றாவதைத் தறிக்காரர்கள் நிஜமாகவே யோசித்திருக்கிறார்கள், ஏனென்றால் பிழையுள்ள உருப்படிக்குக் கூலியில் கைவைப்பார்கள்.

இதிலும் ஆபத்து இல்லாமல் இல்லை. தறியை அழகான பின்னணியாக்கி, வேலையின் களைப்பையும் கூலிக் கணக்கையும் துடைத்துவிட்டால், அது பொய். புதிருக்குள் கூலி இருக்க வேண்டும். பிரித்துத் திருத்த எடுக்கும் நேரத்துக்கு விலை இருக்க வேண்டும். விதிகளைச் சொல்லித் தரும் நெசவாளருக்குப் பணமும், விரும்பினால் திரையில் பெயரும் தர வேண்டும்.

செய்வதற்கான கருவி இன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஸ்டீபன் லாவெல் 2013இல் இலவசமாகத் தந்த பஸில்ஸ்கிரிப்டில், பிரவுசரிலேயே சில வரிகளில் இப்படிப்பட்ட விதிகளை எழுதிச் சோதிக்கலாம். தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டுவருவதில்தான் பலர் முட்டிக்கொள்கிறார்கள். யூனிட்டியில் பரவலாகப் புழங்கும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, எழுத்துகளைச் சேமித்த வரிசைப்படியே வரைந்து பழகியது. ‘கை’ என்று எழுதினால் கணினிக்குள் ககரம் முதலில், ஐகாரக் குறி பிறகு. திரையில் குறி முன்னால் வந்தாக வேண்டும். அந்த இடமாற்றம் நடக்காதபோது குறி பின்னால் போய் ஒட்டி நிற்கும், ‘கொ’வில் ககரத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்க வேண்டிய குறி பிரியாது. தமிழ் கேம் செய்ய வந்து, இந்தக் கோணலைப் பார்த்து ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடுவது எளிது. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4 தமிழைச் சரியாக வரைகிறது, அதுவும் இலவசம். திருத்தணி வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசுகிறோம். இங்கே செய்யும் கேம் இரண்டிலும் இருக்க முடியும்.

அப்படி ஒன்று செய்தால், டெமோவை யாரிடம் கொடுத்துப் பார்ப்பது என்பதே வடிவமைப்பில் பாதி. ஆடுபவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். தறியில் இருப்பவர் ஒருவர், தறியையே பார்த்திராதவர் ஒருவர், எங்கள் பையனைப் போலச் சத்தம் கேட்டு வளர்ந்து கை வைக்காதவர் ஒருவர். முதல் சில லெவல்களில் தறிக்காரர் முந்துவார், முந்தட்டும். அவரும் மற்ற இருவரும் ஒரே லெவலில், ஒரே இழையில் வந்து சிக்கி நிற்கிறார்களா என்று கவனிக்க வேண்டும். சிக்கினால் அந்த லெவலிலிருந்து கேமை வளர்க்கலாம். அவர் மட்டும் கடைசிவரை தடையில்லாமல் போய்விட்டால், விதிகளை இன்னும் நாம் எடுக்கவில்லை, விடைகளைத்தான் எடுத்திருக்கிறோம்.